காதுக்குள்ள பேசின அக்கா

பஸ் ஸ்டாண்டுல அவளை எல்லாரும் மைக்குன்னுதான் கூப்பிடுவாங்க. அப்பா அம்மா வச்ச பேரு ஒண்ணு இருக்கு. ஆனா உன் பேரு என்னன்னு கேட்டா அவளாலயே சட்டுன்னு சொல்ல முடியாது, முதல் எழுத்துலயே வண்டி நின்னு போகும். அதனால மைக்கே போதும்னு விட்டுட்டா.

திக்குவாய். இதை நாசூக்கா சொல்றவங்களும் இருக்காங்க, பேச்சு கொஞ்சம் தடங்கல், நாக்கு கொஞ்சம் தயக்கம்னு. என்ன தயக்கம்? திக்குவாய்னா திக்குவாய்தான். சர்க்கரை தடவிச் சொன்னா மட்டும் நாக்கு அவுந்துக்கப் போகுதா?

சின்னதுல பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. கடைக்குப் போய் சர்க்கரை வாங்கிட்டு வாடின்னு அனுப்புவாங்க. கடைக்காரர் முன்னாடி நின்னு 'ச, ச, ச'ன்னு ஆவி விட்டுட்டு, கடைசியில வாய்க்கு எது வருதோ அதைக் கேட்டு வாங்கிட்டு வருவா. உப்பு வரும். அந்த வீட்டுல சேந்த உப்பை வச்சு ஒரு குளத்தையே கடலாக்கி இருக்கலாம். பள்ளிக்கூடத்துல வருகை எடுக்கறப்ப பேரைக் கூப்பிடுவாங்க, 'இருக்கேன் டீச்சர்'னு சொல்லணும். இவ எந்திரிச்சு நின்னு வாயைத் திறந்து திறந்து மூடுவா. டீச்சர் தலையே நிமிராம அடுத்த பேருக்குப் போயிடுவாங்க. மூணாவது பெஞ்சுல முழுசா உக்காந்திருக்கிற பிள்ளைக்கு வரலைன்னு போட்டாச்சு. கையைத் தூக்கிக் காட்டினா, "வாய் எங்க போச்சு?"ன்னு கேள்வி வேற. வீட்டுல போய் இதைச் சொல்லலாம். எந்த வாயால சொல்றது?

ஆனா ஒரு வேடிக்கை. ஆள் இல்லாத அறையில கதவைச் சாத்திட்டு உக்காந்தா, அதே நாக்கு எண்ணெய் விட்ட சக்கரம் மாதிரி ஓடும். அவ மாமா, அம்மாவோட தம்பி, பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் குடுக்கிற வேலையில இருந்தாரு. ஒரு நாள் காத்திருக்கிற அறையில யாரும் இல்லைன்னு நினைச்சுகிட்டு இவ சுவத்துல மாட்டியிருந்த நேரப் பலகையை ராகமா படிச்சிருக்கா. மாமா, "எவன்டா அது ரேடியோ போட்டவன்?"னு திட்டிகிட்டே வந்து பாத்தா, நிக்கறது அக்கா பொண்ணு. அப்படித்தான் அவளுக்கு அந்தக் கண்ணாடி அறை வேலை கிடைச்சுது. உள்ள ஒரு நாற்காலி, ஒரு மைக்கு, அது ஓடறப்ப எரியற ஒரு சிவப்பு விளக்கு. கதவைச் சாத்தினா ராணி. கதவைத் திறந்து யாராவது தலையை நீட்டினா அவ்வளவுதான், எந்த மேடைக்கு எந்த பஸ்ஸுன்னு ஜனங்களே ஜோசியம் பாத்துக்க வேண்டியது.

அந்தக் குரலைக் கேட்டு மயங்கினவன் எதிர்த்தாப்புல பஞ்சர் ஒட்டற கடைக்காரன். குரலைப் பாக்கணும்னு வந்தான். வந்தவன் முன்னாடி இவ ஒரு எழுத்து கூடப் பேசலை. அடக்கமான பொண்ணுன்னு நினைச்சுக் கட்டிகிட்டான், மடையன். நல்ல மடையன். கெட்ட குணம் ஒண்ணு இல்லை, ஒரே ஒரு பழக்கம்தான். இவ ஆரம்பிக்கிற பேச்சை எல்லாம் அவன் முடிப்பான். ஒத்தாசை பண்றானாம். கல்யாணம் ஆன புதுசுல, "குடிக்க என்ன வேணும்?"னு கேட்டான். இவ 'ட, ட'ன்னு டீக்குத் தவிச்சா. "காபியா? சரி!"ன்னு போய் போட்டுட்டு வந்துட்டான். பாசமா நீட்டினதை எப்படி வேணாம்னு சொல்றது? அதுவும் எந்த வாயால? அன்னையில இருந்து காபிதான். அவளுக்குக் காபின்னா குமட்டும்.

இப்படி மத்தவங்க முடிச்சு வச்ச பேச்சுலயே பாதி வாழ்க்கை ஓடிப் போச்சு.

அப்பதான் அந்த ஆராய்ச்சி அம்மா வந்தாங்க. மனசு சம்பந்தமாப் பெரிய படிப்பு படிச்ச டாக்டரம்மா, நரைச்ச கிராப்பு, ஆம்பளை செருப்பு. தினமும் அந்த பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் போவாங்களாம். ஒரு நாள் டிக்கெட் கவுன்ட்டர்ல வந்து, "மைக்குல பேசறவங்களைப் பாக்கணும்"னாங்க.

"பாக்கலாம், தாராளமா பாக்கலாம். பேசத்தான் முடியாது. அவ மைக்குகிட்ட மட்டும்தான் பேசுவா"ன்னான் கவுன்ட்டர்ல இருந்தவன்.

விஷயம் இதுதான். காய்ச்சல் எவ்வளவுன்னு பாக்க தெர்மாமீட்டர் இருக்கு. ஒரு பிள்ளை மனசுல கஷ்டத்தை வச்சிருந்தா அதை யார்கிட்டயாவது சொல்லுமா, சொல்லாதா, யார்கிட்ட சொல்லும், ஏன் சொல்லாது, இதையெல்லாம் அளக்க நல்லதா ஒரு கருவி கிடையாதாம். அதைச் செய்யறதுதான் அந்தம்மாவுக்கு வேலை. சின்னப் பிள்ளைங்களுக்கு ஒரு விதம், மீசை அரும்பற வயசுக்கு ஒரு விதம். ஆனா ஒரு சிக்கல்.

"டீச்சர் போய்க் கேட்டா, டீச்சர்கிட்ட சொல்லுவேங்குது. அம்மாவைக் கேக்கச் சொன்னா, அம்மாகிட்டங்குது. நான் போய்க் கேட்டா, உங்ககிட்ட சொல்லுவேன் மேடம்னு எனக்கே ஐஸ் வைக்குது. கேக்கிறது யாரோ அவங்களையே சொல்லித் தப்பிச்சுக்கும்ங்க, பொல்லாததுங்க" அப்படின்னு கண்ணாடி அறை வாசல்ல நின்னு மைக்கைப் பாத்துச் சிரிச்சாங்க டாக்டரம்மா. "அதனால முகமே இல்லாத ஒரு குரல் வேணும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி, ஹெட்ஃபோன்ல. மிரட்டக் கூடாது, கொஞ்சக் கூடாது. உங்க குரல் அப்படித்தான் இருக்கு. பஸ்ஸு போச்சேன்னு கேக்கிறவனுக்குக் கூட உங்க மேல கோவம் வராது."

குரல் பதிவு பண்ண வந்த கம்ப்யூட்டர் தம்பியை அறையை விட்டு வெளிய துரத்தினாங்க. கதவைச் சாத்தினாங்க. சிவப்பு விளக்கு எரிஞ்சுது. இவ சொட்டுத் தடங்கல் இல்லாம எல்லாத்தையும் பேசி முடிச்சா. 'உன் மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தா, நீ யார்கிட்ட சொல்லுவே?' இந்தக் கேள்வி வந்தப்ப மட்டும் ஒரு நொடி நின்னா. அது திக்கினதால இல்லை. அந்தக் கேள்வியை அவகிட்ட அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்துல வேலை ஆரம்பமாச்சு. பெரிய வகுப்புப் பிள்ளைங்க தானே படிச்சுப் பதில் போட்டுக்கும். பாதிப் பேரு, ஃபோன்ல தேடிப் பாப்பேன்னு போட்டிருந்தானுங்க. சின்னதுங்களுக்குப் படம் போட்ட அட்டை. அம்மா, அப்பா, டீச்சர், சிநேகிதப் பிள்ளை, டாக்டர். கடைசியா ஒரு காலி நாற்காலி, அதுக்கு அர்த்தம் 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'. ஆளுக்கு ஒரு சிவப்பு வட்ட ஸ்டிக்கர். யார்கிட்ட சொல்லுவியோ அவங்க மேல ஒட்டு. அட்டையில பேரு கிடையாது, யாரு ஒட்டினாங்கன்னு எங்களுக்கே தெரியாதுன்னு பிள்ளைங்ககிட்ட சத்தியம் பண்ணாத குறையாச் சொல்லியிருந்தாங்க.

சாயங்காலம் ஹெட்ஃபோனும் அட்டையும் போட்ட பெட்டி டாக்டரம்மா ஆபீஸுக்குத் திரும்பி வந்துச்சு. கம்ப்யூட்டர் தம்பி உக்காந்து ஹெட்ஃபோனைத் தொடைச்சுகிட்டே புலம்பறான். "வால் இல்லாத குரங்குங்க! பாருங்க மேடம், அட்டையில ஒட்டச் சொன்னா இதுல ஒட்டி வச்சிருக்குங்க. பிசினு போகவே மாட்டேங்குது." நகத்தால சுரண்டிச் சுரண்டிக் குப்பையில போடறான். பேசினதுல வார்த்தை எதையாவது மாத்தணுமான்னு கேக்க மைக்கையும் வரச் சொல்லியிருந்தாங்க. துணைக்குப் புருஷன். ரெண்டு பேரும் ஓரமா நின்னுகிட்டிருந்தாங்க.

"அந்த அட்டைங்களை என்ன பண்ணினே?"ன்னாங்க டாக்டரம்மா.

"எதுலயும் ஒட்டலையே. பதில் இல்லைன்னு தள்ளி வச்சுட்டேன்."

டாக்டரம்மா ஒரு ஹெட்ஃபோனைக் கையில எடுத்தாங்க. காது மேல வர்ற வட்டத்துல, நடு மையமா, ஒரு சிவப்பு ஸ்டிக்கர். குறும்புக்கு ஒட்டினது கோணலா இருக்கும். இது அழுத்தி ஒட்டினது. இன்னொண்ணை எடுத்தாங்க. அதுலயும் அதே இடம். ஆறேழு ஹெட்ஃபோன்ல அதே கதை. அந்தம்மா நாற்காலியில பொத்துன்னு உக்காந்தாங்க.

"அடப்பாவி, நான் ஒரு முட்டாள். பதில் இல்லாம இல்லைடா. கேட்டது யாரோ அவங்களையே சொல்லும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தேன்ல? முகம் இல்லைன்னா அந்த ஆளைச் சொல்லாதுன்னு நினைச்சேன். இதுங்க காதுக்குள்ள பேசின அக்காகிட்ட சொல்லுவேங்குதுங்க."

அந்தம்மா தள்ளி வச்ச அட்டைங்களைக் கையில எடுத்தாங்க.

"அம்மா படம் இருந்துச்சு, அப்பா படம் இருந்துச்சு. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ற பிள்ளை அதுல ஒட்டியிருக்கும். யார்கிட்டயும் சொல்ல முடியாத பிள்ளைதான் படத்தை எல்லாம் விட்டுட்டு இப்படி ஒட்டும். அந்த ஆறேழு யாருன்னு தெரியாது. பேரு கேக்க மாட்டோம்னு வாக்கு குடுத்தாச்சு." டாக்டரம்மா மைக்கைப் பாத்தாங்க. "நீங்க நேர்ல போய் உக்காந்தா, அதுங்களா வரும். வேற வழி எனக்குத் தெரியலை."

மைக்கு ஒரு அடி பின்னால போனா. "மு, மு, மு..."

"முயற்சி பண்றேங்கறா"ன்னான் புருஷன்.

"உங்களைக் கேக்கலை சார்" அப்படின்னு சொல்லிட்டு, டாக்டரம்மா கன்னத்துல கை வச்சுகிட்டுக் காத்திருந்தாங்க. கடிகாரம் பாக்கலை. உதட்டைப் பாக்கலை. கண்ணைப் பாத்துகிட்டு உக்காந்திருந்தாங்க.

"முடி, முடியாது"ன்னா மைக்கு.

"சரி" அப்படின்னாங்க. அவ்வளவுதான். கெஞ்சலை, கோவிச்சுக்கலை.

வீட்டுக்குப் போற வழியெல்லாம் புருஷன் பேசிகிட்டே வந்தான். "நல்லதுதான் விடு. அதுங்க சிரிச்சா உனக்குத்தானே அசிங்கம்?" இவளுக்கு அதுவும் பயம்தான், இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா அதை விடப் பெரிய பயம் ஒண்ணு. அந்தப் பிள்ளைங்க ஒரு நல்ல குரலை நம்பி ஒட்டியிருக்கு. நேர்ல போய் நின்னு இவ 'ப, ப'ன்னு ஆவி விட்டா, அதுங்களுக்கு இருந்த ஒரே ஆளும் போச்சு. போகலைன்னாலும் போச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவரு.

மறுநாள் கண்ணாடி அறையில உக்காந்து பஸ்ஸைக் கூப்பிட்டுகிட்டிருந்தா. இந்த மேடைக்கு இந்த வண்டி, அந்த மேடைக்கு அந்த வண்டி. ஜனங்க எல்லாம் நிமிந்து கேட்டுட்டு நடக்கிறாங்க. திடீர்னு அந்த மூணாவது பெஞ்சு ஞாபகம் வந்துச்சு. உக்காந்திருக்கிற பிள்ளைக்கு வரலைன்னு போட்டது. இந்தப் பிள்ளைங்களும் ஒட்டிட்டு உக்காந்திருக்கு, பதில் இல்லைன்னு குப்பையில போட்டாச்சு. இவளுக்குக் கோவம் வந்துச்சு. நல்ல கோவம். சிவப்பு விளக்கை அணைச்சா. டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டா. ஃபோனைக் கண்டா பாம்பைக் கண்ட மாதிரி ஓடறவ. 'வ, வ'ன்னு மூச்சு வாங்கினா. அந்தப் பக்கத்துல இருந்து 'யாருங்க, யாருங்க'ன்னு யாரும் கத்தலை.

"மைக்கம்மாதானே? நிதானமா சொல்லுங்க. நான் உக்காந்துகிட்டேன்"னாங்க டாக்டரம்மா.

"வர்றேன்"னா.

போறதுக்கு முன்னாடி டாக்டரம்மா ஒண்ணே ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க. "என்ன சொன்னாலும் கேட்டுக்கங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மட்டும் வாக்கு குடுத்துடாதீங்க. குடுத்தா நீங்களும் அந்தக் காலி நாற்காலி ஆயிடுவீங்க."

வகுப்புல எல்லாம் கழுத்தை நீட்டிகிட்டு உக்காந்திருக்குதுங்க. ஹெட்ஃபோன் அக்கா வர்றாங்களாம்! இவ போய் நின்னா. முன் பெஞ்சுல ரெட்டைச் சடை போட்ட ஒரு வாயாடி எந்திரிச்சு, "நிஜமா நீங்கதானா? அந்தக் கேள்வியைச் சொல்லுங்க பாப்போம்"னா.

"உ, உ, உன், ம, ம, ம..."

நின்னு போச்சு. மூஞ்சி சிவந்துடுச்சு. கழுத்து நரம்பு புடைக்குது. பின்னாடி எவனோ களுக்குன்னு சிரிச்சான். ரெட்டைச் சடை திரும்பி அவனை ஒரு முறை முறைச்சுட்டு, ரொம்பக் கவலையாக் கேட்டா. "அக்கா, பேட்டரி தீந்து போச்சா?"

மைக்குக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பொத்துகிட்டு வந்துடுச்சு. வயித்தைப் பிடிச்சுகிட்டு சிரிக்கறா, வகுப்பே கூடச் சிரிக்குது. வகுப்பு டீச்சரும்தான். சிரிச்சு ஓஞ்சதும் சொன்னா. "ஆமா, பே, பேட்டரி கொஞ்சம் வீக்கு. மெ, மெதுவாத்தான் வரும். படிக்கிற அறையில உ, உக்காந்திருப்பேன். யாரு வேணா வரலாம்."

வந்துச்சுங்க. முதல்ல வந்ததுக்குப் பல்லு ஆடுதாம், காட்டணுமாம். அடுத்ததுக்குப் பென்சில் களவு போச்சாம், திருடன் யாருன்னும் தெரியுமாம், அவன் வெளிய வரிசையில நிக்கறானாம். ஒருத்தனுக்கு பஸ் அறிவிப்பு செஞ்சு காட்டணும். இடையில ரெண்டு மூணு, நிஜமாவே கனமான விஷயத்தோட வந்துச்சுங்க. ராத்திரி படுக்கை நனைஞ்சு போறது, பெரிய பையனுங்க கழிவறையில வச்சுப் பூட்டறது. எல்லாத்தையும் கேட்டுகிட்டா, யாருக்குச் சொல்லணும்னு அதுங்ககிட்டயே பேசி வச்சுகிட்டா.

கடைசியா ஒரு பொண்ணு. ஒன்பது வயசு இருக்கும். பையை முதுகுல மாட்டாம நெஞ்சுல கட்டிப் பிடிச்சுகிட்டு வந்து நின்னுச்சு. உக்காரலை.

"நீங்க யார்கிட்டயாவது சொல்லுவீங்களா?"

சொல்ல மாட்டேன்னு சொல்லியிருந்தா சுலபம். "சொ, சொல்லுவேன்"னா மைக்கு. "உ, உனக்கு ஒத்தாசை பண்ணக் கூடியவங்க கி, கிட்ட மட்டும்."

பிள்ளை யோசிச்சுது. "நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சிடும்."

"அ, அடிக்கட்டும்."

அதுக்கு அப்புறம் உக்காந்துச்சு. பேச ஆரம்பிச்சுது. தம்பிப் பாப்பா பொறந்ததுல இருந்து அம்மா எந்திரிக்கறதே இல்லை. சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கா. கூப்பிட்டா பேச மாட்டா. பாப்பாவுக்குப் பால் கலக்கறது, துணி மாத்தறது எல்லாம் இந்தப் பிள்ளைதான். வீட்டு விஷயத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு. நேத்து பாப்பாவைத் தூக்கறப்ப கை நழுவிடுச்சு, மெத்தை மேலதான் விழுந்துச்சு, ஆனா இன்னொரு தடவை நழுவினா? வேற யாரா இருந்தாலும் நடுவுல, அய்யோ, அடடா, அப்பா என்ன பண்றாருன்னு புகுந்திருப்பாங்க. மைக்கால குறுக்கப் பேச முடியாது. பிறவியிலேயே முடியாது. அன்னைக்கு அதுதான் உபயோகப்பட்டுச்சு. பிள்ளை கடைசி வரைக்கும் சொல்லி முடிச்சுது.

மைக்கு அதோட கையைப் பிடிச்சுகிட்டுப் பெரிய டீச்சர் அறைக்கு நடந்தா. உள்ள பெரிய டீச்சர், டாக்டரம்மா, அப்புறம் வண்டியில கொண்டு வந்து விட்ட புருஷன். எல்லாரும் நிமிந்து பாத்தாங்க. மைக்கு வாயைத் திறந்தா. "இ, இந்தப் பி, பி..."

"பிஸ்கட்டா? பசிக்குதா?"ன்னு எந்திரிச்சான் புருஷன். "இரு, காபியும் சொல்றேன்."

மைக்கு திரும்பி, உள்ளங்கையை அவன் வாய் மேல பொத்தினா. சபையில, அத்தனை பேரு முன்னாடி. அவன் கண்ணு ரெண்டும் முட்டை மாதிரி ஆயிடுச்சு. பொத்தின கையை எடுக்காமலேயே அவ பேசினா. ஒவ்வொரு வார்த்தையையும் கிணத்துல இருந்து வாளி இழுக்கிற மாதிரி இழுத்தா. பெல் அடிச்சுது. மேசை மேல ஃபோன் அடிச்சுது, பெரிய டீச்சர் எடுக்கலை. பிள்ளை அவ இடுப்பை ஒட்டி நின்னுகிட்டு, ஒரு இடத்துல ரொம்ப நேரம் நின்னு போனப்ப, "சொல்லுங்க அக்கா, பரவாயில்லை"ன்னுச்சு. சொல்லி முடிச்சுட்டா. அவ வாழ்க்கையில ஒத்தாசைன்னு வாய் விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்னைக்கே டாக்டரம்மாவும் ஒரு நர்சும் அந்த வீட்டுக்குப் போனாங்க. அந்தப் பிள்ளையோட அப்பன் வாசல்ல நின்னு சத்தம் போட்டான், என் வீட்டைப் பத்தி எவ பேசினான்னு. டாக்டரம்மா அசையலை. "பிள்ளை பெத்த பொம்பளைங்களுக்கு வர்ற சீக்கு இது. மருந்து இருக்கு, சரியாயிடும். உங்க மேல தப்பு சொல்ல வரலை"ன்னாங்க. சத்தம் போட்டவன் படியிலேயே உக்காந்து முகத்தை மூடிகிட்டு அழுதான். அவனும் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தவன்தானே. மீசை வளந்த பிள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளையோட அம்மா ஒரே நாள்ல குதிச்சு எந்திரிக்கலை. அதெல்லாம் கதையில நடக்கும். முதல்ல சுவத்துல இருந்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா. அப்புறம் உக்காந்தா. அவ அக்கா வந்து பாப்பாவைப் பாத்துகிட்டா, பிள்ளை பையை முதுகுல மாட்டிகிட்டுப் பள்ளிக்கூடம் போச்சு.

டாக்டரம்மா அட்டையைத் திருத்தினாங்க. ஹெட்ஃபோன் படத்தையும் சேத்தாங்க. என் அளவுகோல் கோணல்னு தெரிஞ்சதே பெரிய லாபம்னு சொல்லிச் சிரிப்பாங்க. வாரத்துல ஒரு நாள் மைக்கு படிக்கிற அறையில போய் உக்காருவா, வரிசை நிக்கும். பென்சில் கேஸு இன்னும் முடியலை.

வீட்டுல புருஷன் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுகிட்டிருந்தான். மூணாம் நாள், "அப்போ இத்தனை நாளா நான் முடிச்சு வச்சதெல்லாம் தப்பா?"ன்னு கேட்டான். இவ "ட, ட..."ன்னா. அவன் வாயைத் திறந்தான், மூடினான். உதட்டைக் கடிச்சுகிட்டுக் காத்திருந்தான், பாவம், வயித்து வலிக்காரன் மாதிரி. "டீ"ன்னா.

"டீயா? அடிப்பாவி!"ன்னு தலையில கை வச்சுகிட்டான்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டுல நல்ல கூட்டம். மைக்கு கண்ணாடி அறைக்குள்ள பேசிகிட்டிருக்கறப்ப வெளிய யாரோ தட்டினாங்க. அந்தப் பிள்ளை. பக்கத்துல, தோள்ல பாப்பாவைப் போட்டுகிட்டு, அதோட அம்மா. மூஞ்சி வெளுத்துதான் இருக்கு, ஆனா தலை சீவியிருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸு எந்த மேடைன்னு கேட்டுட்டு, இவளையே பாத்துகிட்டு நின்னா. பிள்ளை பையில இருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துச்சு. எங்க சுட்டுச்சோ. எக்கி நின்னு கண்ணாடியில, மைக்கு முகத்துக்கு நேரா, அழுத்தி ஒட்டுச்சு.

கூட்டற ஆள் ஓடி வந்தான். "ஏ பாப்பா, கண்ணாடியை அசிங்கம் பண்ணாதே! நான்ல சுரண்டணும்?"

மைக்கு எந்திரிச்சா. பேசிகிட்டிருக்கறப்ப திறக்கவே திறக்காத கதவைத் திறந்தா. சிவப்பு விளக்கு எரிஞ்சுகிட்டே இருந்துச்சு. "வி, வி, விடுப்பா. இ, இருக்கட்டும்"னா. அது பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டுச்சு. கூட்டத்துல நாலு பேரு நிமிந்து பாத்தாங்க. பாத்தா பாக்கட்டும்.

அப்புறம் அந்த அம்மாவைப் பாத்து, கதவைத் திறந்து வச்சுகிட்டே, "ரெ, ரெண்டாம் மேடை. இ, இப்பதான் வந்துச்சு, நி, நிதானமாப் போங்க"ன்னா.

பஸ்ஸு நின்னுகிட்டிருந்துச்சு. அவங்க ஏறினாங்க.